பீட்டர் ராபிட் முயலும் ஒரு ராயல்டி ஒப்பந்தமும்



போன மாசம் நம்ம சேனலைப் பாக்குற ஒரு தங்கச்சி ஒரு ஒப்பந்தத்தை அனுப்பி, "அண்ணா, இதுல கையெழுத்துப் போடலாமா?"ன்னு கேட்டாங்க. ஐடி கம்பெனில வேலை. சனி, ஞாயிறுல குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் அவங்களே வரையறாங்க. ஒரு பதிப்பகம் 32 பக்கப் படக்கதைக்கு ரெண்டு வழி சொல்லியிருக்கு. ஒண்ணு, மொத்தமா 60,000 ரூபாய், உரிமை முழுக்க பதிப்பகத்துக்கு. இன்னொண்ணு, 30,000 ரூபாய் அட்வான்ஸ், புத்தக விலையில 8 சதவீதம் ராயல்டி.

கொஞ்ச நேரம் பேசுனதும் உள்ள இருந்த கேள்வி வெளிய வந்துச்சு. "இது நடந்துட்டா வேலையை விட்டுடலாமா?"

இதுக்கு நான் உடனே பதில் சொல்லல. பியாட்ரிக்ஸ் பாட்டர் கதையைத்தான் சொன்னேன். பீட்டர் ராபிட்னு நீலச் சட்டை போட்ட முயலைப் பாத்திருப்பீங்க. அதை எழுதி வரைஞ்ச இங்கிலாந்துக்காரங்க அவங்க. எழுத்தாளர்னுதான் எல்லாரும் சொல்வாங்க. கணக்குப் பாக்குற என் கண்ணுக்கு அவங்க ரொம்ப கெட்டிக்காரியான ஒரு முதலீட்டாளர்.

1866-ல லண்டன்ல பணக்காரக் குடும்பத்துல பிறந்தாங்க. முப்பது வயசு தாண்டியும் அப்பா அம்மா வீட்டுலதான் இருந்தாங்க. வீட்டு மேல் மாடியில முயல், முள்ளெலி, சுண்டெலின்னு ஒரு கூட்டத்தையே வளர்த்து, அதுங்களைப் பாத்துப் பாத்து வரைவாங்க. முள்ளெலியை மடியில தூங்க விட்டா சந்தோஷமா இருக்குமாம். அரை மணி நேரம் நிமிர்த்தி உக்கார வச்சா முதல்ல கொட்டாவி விடும், அப்புறம் கடிக்கும். இதுதான் அவங்க ஆபீஸ் வாழ்க்கை. பீட்டர்ங்கிற நிஜ முயலை 4 ஷில்லிங் 6 பென்ஸ் குடுத்து வாங்கினாங்க. அந்த முதலீட்டுக்கு வந்த ரிட்டர்னை எந்த மியூச்சுவல் ஃபண்டும் தந்ததில்ல!

முதல் சம்பாத்தியம் 1890-ல. முயல் படங்களை ஒரு வாழ்த்து அட்டை கம்பெனிக்கு வித்தாங்க, 6 பவுண்டு செக் வந்துச்சு. 1893 செப்டம்பர்ல, உடம்பு சரியில்லாம இருந்த ஒரு சின்னப் பையனுக்குப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினாங்க. பீட்டர் கதை பிறந்தது அந்தக் கடிதத்துலதான். ஆனா பதிப்பகம் வழியா புத்தகமா வந்தது 1902 அக்டோபர்ல. நடுவுல ஒன்பது வருஷம். நிஜ பீட்டர் 1901 ஜனவரியிலயே செத்துப்போச்சு, பாவம்.

அந்த ஒன்பது வருஷத்துல அவங்க வாடகை கட்டல, இஎம்ஐ கட்டல. நம்ம யூடியூப்ல 'பேஷனைத் துரத்துங்க'ன்னு பேசுறவங்க இந்த வரியை மட்டும் விட்டுடுவாங்க. அவங்களோட எமர்ஜென்சி ஃபண்ட் அப்பா வீடு. உங்களோடது மாசச் சம்பளம். தங்கச்சிகிட்ட வேலையை இப்ப விடாதீங்கன்னு சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

சரி, கெட்டிக்காரத்தனம் எங்க வருது? பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்புனதும், 1901 டிசம்பர்ல சொந்தச் செலவுல 250 பிரதி அச்சடிச்சாங்க. அது தீர்ந்துபோய் பிப்ரவரியில இன்னொரு 200. சின்னதா செலவு பண்ணி டிமாண்ட் இருக்கான்னு பாத்துட்டாங்க. அப்புறம் ஃபிரடெரிக் வார்ன் பதிப்பகம் கலர் படங்களோட 8,000 பிரதி போட்டுச்சு. வருஷக் கடைசிக்குள்ள 28,000 பிரதி அச்சாச்சு. விலையை ஒரு ஷில்லிங்ல வைக்கணும், குழந்தை கைக்கு அடங்குற சைஸ்ல இருக்கணும்னு பிடிவாதமா நின்னது அவங்கதான்.

அடுத்த வருஷமே, 1903 டிசம்பர்ல, பீட்டர் பொம்மையைத் தன் கையால தச்சு காப்புரிமை அலுவலகத்துல பதிவு பண்ணிட்டாங்க. பின்னாடி போர்டு கேம், வால்பேப்பர், கலர் அடிக்கிற புத்தகம்னு வரிசையா வந்துச்சு. படம் ஒரு தடவை வரைஞ்சது. வருமானம் நாலு பக்கமிருந்து.

ஒரு ஓட்டையும் இருந்துச்சு. அமெரிக்காவுல காப்புரிமைப் பதிவை பதிப்பகம் செய்யாம விட்டுருச்சு. அங்க திருட்டுப் பதிப்புகள் வந்து, அந்த விற்பனையில இவங்களுக்கு ஒரு பைசா கிடைக்கல.

இப்ப நம்ம ஊர் ஒப்பந்தத்துக்கு வருவோம். புத்தக விலை 200 ரூபாய்னு வச்சுக்கோங்க. 8 சதவீதம்னா ஒரு பிரதிக்கு 16 ரூபாய். 30,000 அட்வான்ஸ் கழியவே 1,875 பிரதி விக்கணும். 60,000-ஐத் தொட 3,750 பிரதி. முதல் அச்சு 2,000 பிரதிதான்னு பதிப்பகமே சொல்லிருச்சு. ஆக, 'ராயல்டிதான் எப்பவும் பெஸ்ட்'னு நான் சொல்ல மாட்டேன். அவங்க கணக்குப்படி இந்தப் புத்தகத்துக்கு ஏறக்குறைய 210 மணி நேர வேலை. 60,000 வந்தாலும் மணிக்கு 285 ரூபாய்தான். ஆனா 60,000 வாங்குறது தப்பு இல்ல. அதுக்குப் பதிலா என்னத்தைக் குடுக்குறோம்ங்கிறதுதான் பிரச்சினை.

ஒப்பந்தத்துல 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்'னு ஒரு வரி. நம்ம 1957 காப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு தருது. உரிமையை எவ்வளவு காலத்துக்குக் குடுக்குறோம்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்தான். எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும்தான். ஆனா அந்த ஒரு வரியில கையெழுத்துப் போட்டா ரெண்டு பாதுகாப்பும் போச்சு. பொம்மை, கார்ட்டூன், ஆப் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். படைச்சவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் ஓடுற ஒரு சொத்து அது.

இன்னொரு விஷயம், இது சம்பளக்காரங்களுக்குன்னே. வேலையின் பகுதியா செஞ்ச படைப்போட உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லைன்னா, கம்பெனிக்குத்தான். அதனால ஆபீஸ் லேப்டாப்ல வரையாதீங்க. வேலை ஒப்பந்தத்துல வெளிவேலை பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சிட்டு, தேவைப்பட்டா எச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க.

வரியில ஒரு சலுகை உண்டு. இலக்கிய, கலைப் புத்தகங்களோட ராயல்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு. பள்ளிப் பாடப்புத்தகத்துக்குக் கிடையாது, படக்கதைக்குக் கிடைக்கும். ஆனா பழைய வரி முறையில மட்டும்தான். நீங்க புது முறையில இருந்தா இதை மறந்துடலாம். வெறும் இதுக்காக மாறுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பாருங்க.

பாட்டர் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஒரு ஆடிட்டரா, 1917. பதிப்பகத்தை நடத்துன ஹரால்ட் வார்ன் போலி ஆவண மோசடியில கைதானார். இவங்களுக்கு வரவேண்டிய ராயல்டி ஏற்கனவே பாக்கி. கணக்கு சரியா வரலைன்னு இவங்க முன்னாடியே புகார் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. கம்பெனி மூழ்கினா புத்தகங்களும் மூழ்கும்னு, கோவத்தைத் தள்ளி வச்சிட்டு, பழைய படங்களையும் சேர்த்து ஒரு புதுப் புத்தகத்தைத் தயார் பண்ணிக் குடுத்தாங்க. கம்பெனி பிழைச்சுது.

அந்த அடியை அவங்களால தாங்க முடிஞ்சதுக்கு ஒரு காரணம் நிலம். 1905-லயே ராயல்டிப் பணத்தையும் அத்தை வழி வந்த சொத்தையும் சேர்த்து, லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஹில் டாப் பண்ணையை வாங்கிட்டாங்க. 1909-ல இன்னொரு பண்ணை. அதுக்கு உதவுன வக்கீலையே 1913-ல கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க! பண்ணை வாத்தும் பூனையும் அடுத்தடுத்த கதைகள்ல பாத்திரமாச்சு. கண் பார்வை மங்கி வரையறது குறைஞ்ச காலத்துல ஆடு வளர்ப்புல முழுசா இறங்கிட்டாங்க. 1943-ல இறந்தப்போ 4,000 ஏக்கருக்கு மேல நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வச்சிருந்தாங்க.

நம்ம தங்கச்சி கதை? பதிப்பகத்துக்கு நாங்க திருத்தம் அனுப்பினோம். ஏழு வருஷம், இந்தியா மட்டும், அச்சுப் புத்தகமும் மின்புத்தகமும் மட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை விற்பனைக் கணக்கு. பதிப்பகம் 60,000-ஐ 45,000-ஆ குறைச்சுது. அவங்க ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பணம் நேரா எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகுது. ஆறு மாசச் செலவு சேர இன்னும் கொஞ்சம் பாக்கி. இப்போதைக்குத் திங்கள்கிழமை லாகின் தொடருது.

பொம்மை உரிமை வரியை மட்டும் பதிப்பகம் இன்னும் யோசிச்சிட்டிருக்கு.