15 வருஷம் ஆன பைக்கை இனி ஓட்டவே கூடாதா? வருசநாட்டுச் சாலையும் புகை விதிகளும்

தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குப் போகும் சாலையில் தென்னை மரங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் கண்ணில் படுவது டூ வீலர்கள்தான். புல்லுக்கட்டு, தேங்காய் மூட்டை, பால் கேன், இலவம் பஞ்சுப் பொதி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என எல்லாமே அதில்தான் போகும். நினைத்த நேரத்துக்குப் பஸ் கிடைக்காத மலையடிவார ஊர்களில் பைக்கும் மொபெட்டும் சொகுசுப் பொருள் இல்லை. தோட்டத்துக்குப் போவதற்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும், ரேஷன் அரிசி வாங்கி வருவதற்கும் அதுதான் துணை.

அதனால்தான் வாகனப் புகை பற்றி ஒவ்வொரு புது அறிவிப்பு வரும்போதும் இங்கே ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. 'பி.எஸ்-3 வண்டியை எல்லாம் பிடுங்கிக்கிறாங்களாம்', '15 வருஷம் ஆயிட்டா உடைச்சுப் போடணுமாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களைப் பார்த்து, நல்ல நிலையில் ஓடும் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. உண்மையில் விதி என்ன சொல்கிறது? அந்த விதிகளால் காற்று சுத்தமானதா? நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பி.எஸ்' என்றால் என்ன?

'பாரத் ஸ்டேஜ்' என்பதன் சுருக்கம்தான் பி.எஸ். ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அதன் சைலன்சர் வழியாக எவ்வளவு நச்சு வாயு வெளியே வரலாம் என்பதற்கான உச்சவரம்பு அது. ஐரோப்பாவின் 'யூரோ' விதிகளை ஒட்டி இந்தியாவில் உருவாக்கப்பட்டது. பெட்ரோல் வண்டிகளுக்கு முதன்முதலாகப் புகை வரம்பு வந்தது 1991-ல். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் 'இந்தியா 2000' என்ற விதி வந்தது. அதன் பிறகு டூ வீலர்களுக்கு வரம்பு இப்படி இறுகிக்கொண்டே வந்தது:

* 2005: பி.எஸ்-2
* 2010: பி.எஸ்-3
* 2017: பி.எஸ்-4
* 2020: பி.எஸ்-6

நடுவில் பி.எஸ்-5 எங்கே என்று கேட்கிறீர்களா? அதைத் தாண்டிக் குதித்து நேராக 6-க்குப் போவது என்று 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. வண்டி மட்டும் மாறினால் போதாது, பெட்ரோலும் மாற வேண்டும். பி.எஸ்-3 பெட்ரோலில் 10 லட்சத்தில் 150 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ்-4-ல் அது 50 ஆனது. பி.எஸ்-6-ல் வெறும் 10. இன்று மயிலாடும்பாறையில் பெட்ரோல் போட்டாலும் டெல்லியில் போட்டாலும் இந்த அளவு ஒன்றுதான்.

இரண்டே நாள்... நாடே க்யூவில் நின்ற கதை

2017 மார்ச் 29, புதன்கிழமை. ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-3 வண்டிகளை விற்கவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போது நாடு முழுவதும் விற்காமல் தேங்கிக் கிடந்த பி.எஸ்-3 வண்டிகள் சுமார் 8.24 லட்சம். அதில் சுமார் 6.71 லட்சம் டூ வீலர்கள். 'தயாரிப்பதற்குத்தான் தடை, ஏற்கெனவே தயாரித்ததை விற்கலாம் என்று நினைத்திருந்தோம்' என்ற கம்பெனிகளின் வாதம் எடுபடவில்லை. வியாபாரத்தைவிட மக்களின் ஆரோக்கியம்தான் முக்கியம் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் ஷோரூம் வாசல்களில் திருவிழாக் கூட்டம். சில மாடல்களுக்கு 20,000 ரூபாயைத் தாண்டியும் தள்ளுபடி கிடைத்தது. மார்ச் 31 இரவுக்குள் பில் போட வேண்டும் என்பதால் பல இடங்களில் வண்டியின் கலரைக்கூடப் பார்க்காமல் வாங்கினார்கள். கம்பெனிகளுக்கு அது பெரிய நஷ்டம். வாங்கியவர்களுக்கு வாழ்நாள் அதிர்ஷ்டம். ஆனால், அந்த வண்டிகள் காணாமல் போய்விடவில்லை. அன்று பதிவான பைக்கின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதாவது 2032 மார்ச் வரை அது சட்டப்படி ஓடும்.

விதிகளின் முக்கியமான ஓட்டையும் இதுதான். பி.எஸ் விதி புது வண்டிக்குத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அது தொடாது. புது பைக்கை முதலில் வாங்குவது பெரும்பாலும் டவுன். ஐந்தாறு வருடம் ஓடியதும் அது செகண்ட் ஹேண்டில் கைமாறி, கடைசியில் கிராமத்துக்கும் மலையடிவாரத்துக்கும் வந்து சேரும். ஆக, விதி வந்த பலன் டவுனுக்கு முதலில் கிடைக்கிறது. வருசநாடு போன்ற ஊர்களுக்கு அது பல வருடம் கழித்துத்தான் வந்து சேரும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகள் எங்கே போயின?

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ் 50 தமிழ்நாட்டுக் கிராமங்களின் போக்குவரத்தையே மாற்றிப்போட்டது. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ் 100-ன் சத்தத்துக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே டூ ஸ்ட்ரோக் வண்டிகள். எளிமையான இன்ஜின், நல்ல இழுவை, ரிப்பேர் பார்ப்பதும் சுலபம். ஆனால், புகை விஷயத்தில் இவைதான் மோசம்.

காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் புதிய பெட்ரோல் உள்ளே வரும் அதே நேரத்தில்தான் எரிந்த புகை வெளியே போகிறது. அந்தப் போக்குவரத்தில் ஒரு பங்கு பெட்ரோல் எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். கூடவே, இன்ஜின் வழவழப்புக்காகப் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலும் எரிந்து வெண்ணீலப் புகையாக வரும். 'இன்ஜினுக்கு நல்லது' என்று ஆயிலைக் கூடுதலாக ஊற்றும் பழக்கம் அந்தப் புகையை இன்னும் அதிகமாக்கியது.

'டூ ஸ்ட்ரோக் வண்டி தயாரிக்கக் கூடாது' என்று யாரும் உத்தரவு போடவில்லை. புகை வரம்பு இறுக இறுக, அந்த இன்ஜினால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றது. மொபெட்டில் மட்டும் டூ ஸ்ட்ரோக் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. 2015-ல் டி.வி.எஸ், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்.எல் 100-ஐக் கொண்டுவந்தது. 2020-ல் அதற்கும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தரும் 'ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்' வந்துவிட்டது. தோட்டத்து வரப்பில் மூட்டை சுமக்கும் மொபெட்டுக்குள் சென்சார் வந்ததுகூட இந்தப் புகை விதியால்தான்.

பி.எஸ்-6-ல் அப்படி என்ன மாறியது?

ஒரே ஒரு கணக்கைப் பார்ப்போம். நைட்ரஜன் ஆக்சைடு என்ற வாயுவுக்கு பி.எஸ்-4 பைக்கில் கிலோமீட்டருக்கு 0.39 கிராம் வரை அனுமதி. பி.எஸ்-6-ல் 0.06 கிராம்தான். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரின் பி.எஸ்-4 பைக் 15.6 கிராம் வரை வெளியிடலாம் என்றால், பி.எஸ்-6 பைக்குக்கு வரம்பு 2.4 கிராம். ஒரு வண்டியில் இது சின்னக் கணக்கு. இந்தியாவில் பதிவான வாகனங்களில் சுமார் முக்கால் பங்கு டூ வீலர்கள் என்பதைச் சேர்த்து யோசித்தால் இதன் அளவு புரியும்.

இதைச் சாதிக்க இரண்டு பாகங்கள் முக்கியம். ஒன்று, கார்புரேட்டருக்குப் பதிலாக வந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். மலை ஏறுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேகமலை போல சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது காற்று லேசாகிவிடும். கார்புரேட்டர் அதைக் கவனிக்காமல் பழைய அளவிலேயே பெட்ரோலை அனுப்ப, வண்டி திணறிக் கறும்புகை தள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, சைலன்சரோடு இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு மாதிரியான அமைப்பு அது. நச்சு வாயுக்களை நைட்ரஜனாகவும், கார்பன் டை ஆக்சைடாகவும், நீராவியாகவும் மாற்றி அனுப்பும்.

பகலிலும் பைக் ஹெட்லைட் எரிவதைப் பார்த்து, எதிரே வருபவர்கள் விரலை மடக்கி மடக்கி சைகை காட்டுவார்களே... அதுவும் 2017 ஏப்ரலில் பி.எஸ்-4 கூடவே வந்த பாதுகாப்பு விதிதான். அந்த லைட்டை அணைக்கவே முடியாது. புகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

விலை கூடியது... ரிப்பேரும் மாறியது

பலன் இருக்கும் இடத்தில் செலவும் இருக்கிறது. பி.எஸ்-6 வந்தபோது பல மாடல்களின் விலை சில ஆயிரங்கள் கூடியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல்.

விலையைவிடக் கிராமத்துக்குப் பெரிய சிக்கல் ரிப்பேர்தான். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் மரத்தடியில் வைத்தே கழற்றி, ஊதி, மாட்டிவிடலாம். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கோளாறு எங்கே என்று சொல்ல ஸ்கேனர் மெஷின் வேண்டும். ஃபியூயல் பம்ப், சென்சார் போன்றவை பழுதானால் மாற்றுவதுதான் வழி, அதுவும் பெரும்பாலும் டவுனுக்குப் போய்த்தான். பல மாடல்களில் கிக்கரும் இல்லை. பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். தோட்டத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அன்றைய கூலியும் போகும். உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்காவிட்டால், சுத்தமான வண்டி ஏழைக்கு எட்டாத வண்டியாகிவிடும்.

மலைக்காற்று சுத்தம்தானே?

வைகை பிறக்கும் மலை, பக்கத்தில் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். இங்கே காற்று மாசா என்று தோன்றலாம். டெல்லியோடு ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால், புகை என்பது ஊர் முழுக்கச் சேரும் சராசரிக் கணக்கு மட்டும் இல்லை. மேட்டில் திணறி ஏறும் பழைய வண்டிக்குப் பின்னால் போகிறவரும், மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தையும் சுவாசிப்பது அந்த நேரத்துப் புகையைத்தான். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைத் தடுக்கும். பி.எம் 2.5 எனப்படும் நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகும். இந்த நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாக இந்தியா வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 5.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மார்கழி, தை மாத விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும். மேலே போக வேண்டிய புகையும் அதோடு தங்கும். அதில் வண்டிப் புகை மட்டும் இல்லை. தென்னை மட்டையையும் குப்பையையும் எரிக்கும் புகை, விறகடுப்புப் புகை எல்லாம் சேர்ந்ததுதான். பைக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பாதிக் கணக்குத்தான் தீரும்.

உங்கள் வண்டிக்கு என்ன விதி?

பி.எஸ்-3 வண்டியை ஓட்டலாமா? முறையாகப் பதிவு செய்து, ஆர்.சி. செல்லுபடியாக இருந்தால் தாராளமாக ஓட்டலாம். தடை, புது விற்பனைக்கும் புதுப் பதிவுக்கும்தான்.

15 வருடம் ஆனால் உடைக்க வேண்டுமா? இல்லை. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற கெடுபிடி டெல்லி சுற்றுவட்டாரத்துக்காக வந்தது. தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் ஆர்.சி-யை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 2010-ல் வாங்கிய பைக்குக்கு 2025-லேயே கெடு முடிந்திருக்கும். ஆர்.சி-யில் இருக்கும் தேதியை இன்றே பாருங்கள். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. மிகப் பழைய வண்டிக்கு இன்னும் அதிகமாகும்.

புகைச் சான்றிதழ் அவசியமா? புது வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை. அதன் பிறகு கட்டாயம். பி.எஸ்-4, பி.எஸ்-6 வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வண்டியைக் கொண்டு போகாமலேயே சான்றிதழ் வாங்கினால் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம், புகையிலிருந்து தப்பிக்க முடியாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்? இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இதற்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையலாம். பெட்ரோல் டியூப், வாஷர் போன்ற ரப்பர் பாகங்களை சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள்

* கறும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் பார்க்க வேண்டும். மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.
* நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.
* டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கம்பெனி சொன்ன அளவு மட்டும் ஆயில் கலந்தால் போதும்.
* இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலை வற்ற விடாதீர்கள். பம்ப் சூடாகிக் கெட்டுப்போகும்.
* மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.
* சத்தத்துக்காக சைலன்சரை மாற்றினால் கன்வெர்ட்டரும் சேர்ந்தே போய்விடும். பி.எஸ்-6 வண்டிக்கு அதிக விலை கொடுத்து வாங்கியதில் அர்த்தமே இருக்காது.

புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் குற்ற உணர்ச்சிகொள்ள வேண்டியதில்லை. நன்றாகப் பராமரிக்கப்படும் பழைய வண்டி, கவனிப்பில்லாத பழைய வண்டியைவிடப் பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், புகையும் குறைவாக விடும். மிச்சமாகும் பெட்ரோல் காசு நம் பைக்கு. குறையும் புகை, வண்டியில் நம்மோடு வரும் பிள்ளைக்கு.