வான்கோழியும் நாட்டுக்கோழியும் சேர்த்து வளர்த்தல்

வான்கோழி அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட பறவை. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் புறக்கடையில் நாட்டுக்கோழிகளோடு சேர்த்தே வளர்க்கப்படுகிறது.

மேகமலைக்கும் ஏலமலைக்கும் இடைப்பட்ட கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் காட்டை ஒட்டியே உள்ளன. அதனால் பகலில் கீரியும், இரவில் மரநாயும் காட்டுப்பூனையும் கோழிகளைத் தேடி வருகின்றன. வான்கோழி இருந்தால் பாம்பு அண்டாது என்பார்கள். அதை நம்பிக் கூண்டைத் திறந்து வைக்கக் கூடாது. பெட்டை வான்கோழி புதர் மறைவில் முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும் (நாட்டுக்கோழிக்கு 21 நாள்). அந்த நாட்களில்தான் இழப்பு அதிகம். வளர்ந்த பறவைகள் இரவில் மரத்தில் அடையும். நாய்க்கு அது எட்டாது. ஆனால் மரநாய் மரம் ஏறும். எனவே பொழுது சாயும் முன் கூண்டில் அடைப்பதே பாதுகாப்பு. கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை அடித்து, அதை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்தால் கீரி தோண்டி நுழையாது. கீரியைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கம்பிவலையால் தடுக்க முடியாத எதிரி ஒன்று உண்டு: கருந்தலை நோய். இதை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிரி, கோழியின் குடற்புழு முட்டைக்குள் தங்கி மண்ணில் நெடுநாள் உயிர்வாழும். மண்புழுவைத் தின்றாலும் தொற்றும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வான்கோழியோ கந்தக மஞ்சள் நிறத்தில் எச்சமிட்டு, ஈரல் கெட்டு இறந்துவிடும். ஆகவே வான்கோழிக் குஞ்சுகளைக் கோழி மேய்ந்த தரையில் விடாமல் தனி இடத்தில் வளர்க்க வேண்டும்; கோழிகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும்.