ஞாயிற்றுக்கிழமை பாடினாய், திங்கட்கிழமை என்ன செய்தாய்?

நீலசந்திராவில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சந்துக்குச் சந்து பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கும். நாலு வீடு தள்ளி இன்னொன்று நடக்கும். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு ஒரு கூட்டம் போகும். ஆஸ்டின் டவுன், சாந்திநகர் பக்கத்து ஆலயங்களுக்கு இன்னொரு கூட்டம் போகும். வேலூர், ஆம்பூர், தர்மபுரி, திருவண்ணாமலை, கோலார் தங்கவயல் என்று பல ஊர்களில் இருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். கிட்டார் வாசிக்கத் தெரிந்த பையன் இல்லாத வாலிபர் ஐக்கியமே இங்கே இல்லை என்று சொல்லிவிடலாம்.

பாட்டு நல்லதுதான். வாரம் முழுவதும் மெஷின் சத்தத்திலும் மேஸ்திரியின் சத்தத்திலும் கிடப்பவனுக்கு அது மருந்து. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பது உண்டு. "ஞாயிற்றுக்கிழமை பாடினாய், சரி. திங்கட்கிழமை என்ன செய்தாய்?"

இதைக் கிண்டல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேதத்தில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கேட்பதும் இதே கேள்விதான். பசித்தவனைப் பார்த்து "போய் வா, நன்றாக இரு" என்று வாயால் மட்டும் வாழ்த்தினால் என்ன பயன் என்று அது கேட்கிறது.

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். வாலிபர் ஊழியம் என்று இன்று நாம் சொல்லும் வேலையை உலகம் முழுவதும் பரப்பியவர் போதகர் அல்ல, பேராயரும் அல்ல. பிழைக்க ஊர்விட்டு ஊர் வந்த ஒரு துணிக்கடைச் சிப்பந்தி!

துணிக்கடைச் சிப்பந்தி

அவர் பெயர் ஜார்ஜ் வில்லியம்ஸ். இங்கிலாந்தில் டல்வர்டன் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1821-ம் ஆண்டு பிறந்தவர். 1841-ல் லண்டனுக்கு வந்து, செயின்ட் பால் பேராலயத்தின் அருகே இருந்த ஹிட்ச்காக் அண்ட் ரோஜர்ஸ் என்ற பெரிய துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்துக் கடைச் சிப்பந்திகளின் பாடு நமக்குப் புரியாதது அல்ல. கடைக்கு மேலேயே நெருக்கமான அறைகளில் படுக்கை. காலையில் இருந்து இரவு வரை நின்றபடி வேலை. ஓய்வு கிடைத்தால் போவதற்கு மதுக்கடையை விட்டால் வேறு இடம் கிடையாது. ஊரில் கட்டுப்பாடாக வளர்ந்த பிள்ளைகள் நகரத்தில் திசை தெரியாமல் போனார்கள்.

1844-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி வில்லியம்சும் நண்பர்களும் சேர்ந்து 12 வாலிபர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். எல்லோரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் சபை பேதம் பார்க்காமல் கூடினார்கள். அதுதான் ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் அழைக்கும் வாலிபர் கிறிஸ்தவ சங்கம். ஜெபத்தில் தொடங்கியது, ஜெபத்தோடு நிற்கவில்லை. படிப்பகமும் சொற்பொழிவும் மாலை வகுப்பும் வந்தன. ஊருக்குப் புதிதாக வந்த பையனுக்கு இரவில் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்துச் சங்கத்தை 1852-ல் தொடங்கியவர்களில் ஒருவர் ஹென்றி துனாந்த். வங்கியில் வேலை பழகியவர். 1859-ல் தன் தொழில் காரியமாக இத்தாலிக்குப் போனபோது சால்பெரினோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் காயத்தோடு கிடப்பதைக் கண்டார். போன காரியத்தை மறந்து, அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, எந்த நாட்டு வீரன் என்று கேட்காமல் கட்டுப் போட்டார். அந்த அனுபவத்தில் இருந்தே 1863-ல் செஞ்சிலுவை சங்கம் பிறந்தது. 1901-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

சேலத்துக்காரர்

"இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை" என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னையில் இந்தச் சங்கம் 1890-ல் வேரூன்றியது. அகில இந்திய அளவில் அதன் பொதுச் செயலாளர் பதவி 1916-ல் முதன்முறையாக ஓர் இந்தியருக்கு வந்தது. அவர் நம் தமிழர். சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி.பால்.

அதுவரை சங்கம் என்றால் பட்டணத்துக் கட்டிடம், படிப்பகம், மாணவர் விடுதி என்று இருந்தது. பால் அதைக் கிராமத்தின் பக்கம் திருப்பினார். கிராமத்து ஏழையின் கழுத்தில் கிடப்பது கடன் என்பதை அவர் கண்டார். கடனில் மூழ்கியவனுக்குப் பிரசங்கம் மட்டும் செய்து பயன் இல்லை என்று உணர்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அமைப்பதை ஊழியத்தின் ஒரு பாகமாகவே ஆக்கினார்.

1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர்களில் பாலும் ஒருவர். கிறிஸ்தவர்களுக்கு என்று தனித் தொகுதி கேட்பதை அவர் ஆதரிக்கவில்லை. அண்டை அயலாரோடு கலந்து வாழ்வதுதான் கிறிஸ்தவனுக்கு அழகு என்பது அவர் கட்சி. 1931-ல் அவர் காலமானார்.

தேன் பெட்டி

பால் காட்டிய பாதையின் பலனைக் காண மார்த்தாண்டத்துக்குப் போக வேண்டும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராம சீரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார்.

கையில் பணத்தைக் கொடுத்து அனுப்புவது அவர் வழி அல்ல. கையில் இருப்பதைக் கொண்டு பிழைக்கும் வழியைக் கற்றுக் கொடுத்தார். நல்ல ஜாதிக் கோழி வளர்ப்பது, முட்டைகளைத் தரம் பிரித்து எல்லோரும் சேர்ந்து விற்பது, பெட்டிகளில் தேனீ வளர்ப்பது ஆகியவை பழக்கப்பட்டன.

முன்பெல்லாம் தேன் எடுப்பது என்றால் கூட்டையே பிழிந்துவிடுவார்கள். தேனோடு புழுவும் மெழுகும் கலக்கும், தேனீக்களும் போய்விடும். பெட்டியில் சட்டங்கள் வைத்து வளர்த்தால் சட்டத்தை மட்டும் எடுத்து, சுழலும் இயந்திரத்தில் தேனை வடித்துவிட்டு, கூட்டைத் திரும்ப வைத்துவிடலாம். தேனீக்கள் மறுபடியும் வேலையைத் தொடங்கும். நிலம் இல்லாதவனும் வீட்டு ஓரத்தில் இரண்டு பெட்டி வைக்கலாம். இன்றும் மார்த்தாண்டம் என்றால் தேன் நினைவுக்கு வருகிறதே, அதன் ஆரம்பம் இதுதான்.

ஆத்துமா, அறிவு, உடல், சமூகம், பொருளாதாரம் ஆகிய ஐந்தையும் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்பது அந்த நிலையத்தின் திட்டம். வந்தவர்களிடம் ஜாதி, மதம் கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பந்தும் ஊழியமே

ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தில் பந்து உதைக்கும் நம் பையன்களுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. கூடைப்பந்து விளையாட்டை 1891-ல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நாய்ஸ்மித்தும், கைப்பந்தை 1895-ல் கண்டுபிடித்த வில்லியம் மார்கனும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர்களே. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ல் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரீஸ் ஒலிம்பிக் போட்டிக்குப் போன இந்திய அணிக்கு மானேஜராகச் சென்றவரும் பக்தான்.

தமிழ் பேசும் பையனும், கன்னடம் பேசும் பையனும், உருது பேசும் பையனும் ஒரே பந்தின் பின்னால் ஓடினால் நாளை தெருவில் பகை மூட்ட வருபவனுக்கு வேலை இருக்காது.

பார், சிந்தி, செய்

கத்தோலிக்க வாலிபர்களுக்கு இன்னொரு முன்மாதிரி உண்டு. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜோசப் கார்டைன், 1882-ல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவரோடு பள்ளியில் படித்த பையன்கள் மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். லீவில் வந்தவரை அந்தப் பழைய நண்பர்கள் அந்நியனைப் போல் பார்த்தார்கள். இது அவர் மனதை உலுக்கியது. 1903-ல் தந்தை மரணப் படுக்கையில் இருந்தபோது, தன் வாழ்நாளைத் தொழிலாளருக்குக் கொடுப்பதாக முடிவு செய்தார். 1925-ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவானது.

அவர் கற்றுக் கொடுத்தது மூன்றே சொல்: பார், சிந்தி, செய். 1961-ல் போப்பாண்டவர் 23-ம் அருளப்பர் தமது சுற்றுமடலிலேயே இந்த முறையை ஏற்றுச் சொன்னார். 1965-ல் கார்டைன் கர்தினால் ஆனார். 1967-ல் மறைந்தார்.

நம் தெருவில்

இந்த மூன்று சொல்லை நீலசந்திராவுக்குக் கொண்டு வந்து பார்ப்போம்.

முதலில், பார். நம் தெருவில் தண்டல்காரர் வராத நாள் உண்டா? பத்தாயிரம் ரூபாய் கடன் என்று சொல்லி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருவார். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தன் பி.எப். கணக்கில் பணம் ஏறுகிறதா, இல்லையா என்று பார்க்கத் தெரியாது. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தும் தனியார் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டுபவர்கள் உண்டு.

ரெயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ரிசர்வேஷன் படிவத்தை நிரப்பத் தெரியாமல் யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களைத் தினமும் காண்கிறேன். பின்னால் நிற்கும் வாலிபன் இரண்டு நிமிடம் பேனாவைத் திறந்தால் போதும்.

அடுத்தது, சிந்தி. இது விதியா, அல்லது நாம் சேர்ந்தால் மாற்றக்கூடியதா? பத்து வாலிபர்கள் மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டால் மாதம் இரண்டாயிரம். ஒரு வருஷத்தில் இருபத்து நாலாயிரம். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் இரண்டு, மூன்று குடும்பங்களைத் தண்டல்காரரிடம் போகாமல் காப்பாற்ற அது போதும். கணக்கு நோட்டு மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

கடைசியாக, செய். செல்போனில் ஓயாமல் விரல் தேய்க்கும் பையனுக்குப் பி.எப். கணக்கு பார்த்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மாலையில் பத்துப் பேருக்குச் சொல்லித் தரலாம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பையனைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். இவற்றுக்குப் பெரிய கட்டிடமோ, வெளிநாட்டுப் பணமோ வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உதவியைத் தூண்டில் முள்ளாக ஆக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கித் தருபவன் அவர் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று கேட்க வேண்டியது இல்லை. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பவும் வேண்டியது இல்லை. நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றியவன் தன் பெயரைக் கூடச் சொல்லவில்லை. சத்திரக்காரனிடம் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான்.

லண்டனில் சங்கம் தொடங்கிய 12 பேரும் சாதாரண வாலிபர்கள். பதவியும் இல்லை, பணமும் இல்லை. நீலசந்திராவில் எந்த வாலிபர் ஐக்கியத்திலும் 12 பேர் தேறுவார்கள். பாட்டுப் புத்தகத்தோடு ஒரு கணக்கு நோட்டும் நாலு பேனாவும் சேர்ந்தால் போதும். பெரியவர்கள் கேட்கும் கேள்விக்குத் திங்கட்கிழமை மாலையே பதில் கிடைத்துவிடும்.