புது கேமுக்குக் கலவையான விமர்சனம்: நம்பி வாங்கலாமா?

2023 அக்டோபர் 5 அன்று 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' என்ற வீடியோ கேம் வெளியானது. கதை நடக்கும் ஊர் பக்தாத், ஆண்டு கி.பி. 861. கலீஃபா மன்சூர் கட்டிய வட்ட நகரம், பச்சைக் குவிமாட அரண்மனை, பைத்துல் ஹிக்மா, கடைத்தெருக்கள் எல்லாம் திரையில் எழுந்து நிற்கின்றன. அந்த வட்ட நகரில் இன்று நேரில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. வேண்டுமானால் முழுக் கதையையும் அரபு உரையாடலில் கேட்கலாம். நகரில் நடந்து போகும்போது பாங்கோசையும் கேட்கும்.

இப்படியொரு கேம் வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "வாப்பா, இது நம்ம வரலாறு" என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவார்கள். வாப்பா இணையத்தில் தேடினால் குழப்பம்தான் கூடும். இந்தத் தொடர் பழைய சிறப்புக்குத் திரும்பிவிட்டது, நகரம் கண்ணைக் கவர்கிறது என்றனர் சில விமர்சகர்கள். கதையில் ஆழமில்லை, சண்டை சலிப்பூட்டுகிறது, புதிதாக எதுவும் இல்லை என்றனர் வேறு சிலர். சராசரி மதிப்பெண் 75ஐச் சற்றுத் தாண்டி நின்றது. யாரை நம்புவது?

அந்த எண் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 'மெட்டாகிரிட்டிக்' என்ற தளம் 2001 முதல் பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடுகிறது. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை அது வெளியிடுவதில்லை. அங்கே 75 அல்லது அதற்கு மேல் என்றால் பச்சை நிறம். 50 முதல் 74 வரை மஞ்சள், அதாவது 'கலவை'. 'ஸ்டீம்' என்ற விற்பனைத் தளத்திலும் 'கலவை' என்ற சொல் உண்டு, ஆனால் பொருள் வேறு. அங்கே மதிப்பெண் கிடையாது. கருத்து எழுதியவர்களில் 100க்கு 40 முதல் 69 பேர் வரை பரிந்துரைத்தால் அந்தப் பெயர். ஆக, ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு.

சராசரி இன்னொன்றையும் மறைக்கும். இருவரும் 7 கொடுத்தாலும் சராசரி 7. ஒருவர் 9, மற்றவர் 5 கொடுத்தாலும் 7தான். முதல் கேம் யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, யாரும் வெறுக்காத சாதாரணச் சரக்கு. இரண்டாவதோ சிலருக்கு உயிர், சிலருக்கு எரிச்சல். கலவையான விமர்சனம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதனால்தான் இப்படிப்பட்ட விமர்சனங்களை ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன். எல்லாரும் புகழும்போது காரணம் தெரியாது. கருத்து பிரியும்போது காரணத்தைச் சொல்லியாக வேண்டும். நமக்கு வேண்டியது அந்தக் காரணம்தான்.

காரணத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை புரியும். மிராஜ் மீது வந்த புகார்களில் ஒன்று, கேம் சிறியது என்பது. கதையை முடிக்க ஏறக்குறைய 15 முதல் 20 மணி நேரம்தான். இதே தொடரில் முன்பு வந்த 'வல்ஹல்லா' அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நீளும். பணம் கொடுத்து வாங்குபவருக்கு இது குறையாகத் தெரியலாம். பரீட்சை நெருங்கும் பிள்ளை உள்ள வீட்டில் இது குறையா? அதேபோல, "கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது", "நூறு மணி நேரம் ஆடினாலும் தீராது" என்று விமர்சகர் மெச்சி எழுதுவதைப் பெற்றோர் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. மிராஜில் புதிதாக எதுவும் இல்லை என்பது இந்தத் தொடரைப் பல ஆண்டுகளாக ஆடி அலுத்தவரின் பேச்சு. முதன்முதலாக ஆடும் பிள்ளைக்கு எல்லாமே புதிதுதான்.

விமர்சகர் பொய் சொல்கிறார் என்பதல்ல இதன் பொருள். அவர் விடை சொல்லும் கேள்வி வேறு, நம் கேள்வி வேறு. மிராஜின் நாயகன் பாசிமைக் கனவுகளில் ஒரு ஜின் துரத்துகிறது. கதையின் முக்கிய முடிச்சே அதுதான். ஜின் என்பதை அந்தக் கதை என்னவாகக் காட்டுகிறது, அதைப் பார்க்கும் பிள்ளைக்கு நாம் என்ன விளக்க வேண்டியிருக்கும் என்பது நம் வீட்டில் எழும் கேள்வி. விமர்சகர் அதைக் கதைத் திருப்பம் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அது அவர் வேலையும் அல்ல.

விமர்சகர் நேர்மையாக எழுதினாலும் தவறு நேரும் ஒரு வழி உண்டு. 2020 டிசம்பர் 10 அன்று வந்த 'சைபர்பங்க் 2077'க்கு வெளியீட்டுக்கு முன்பே 90ஐ ஒட்டி மதிப்பெண் குவிந்தது. ஆனால் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டது கணினிப் பதிப்பு மட்டும். தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் அப்போது அனுமதியில்லை. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டால் படம் திணறியது, கேம் அடிக்கடி நின்றுபோனது. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் கடைக்கு வந்தது. பிறகு பெரும் திருத்தங்கள் செய்யப்பட்டு, இன்று பலரும் பாராட்டும் கேமாகிவிட்டது. எனவே விமர்சனத்தின் தேதியையும், எந்தக் கருவியில் ஆடி எழுதப்பட்டது என்பதையும் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்ப்பதில் பயனில்லை.

பணத்தின் அழுத்தமும் இல்லாமல் இல்லை. 2007இல் 'கேம்ஸ்பாட்' தளத்தின் ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், அங்கே பெரிதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கேமுக்குச் சுமாரான மதிப்பெண் கொடுத்தபின் வேலையிழந்தார். விளம்பரதாரர் அழுத்தமே காரணம் என்று 2012இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சுமார் என்று எழுதவும் துணிவு வேண்டியிருக்கிறது. அந்த வகையில், குறைகளையும் எழுதும் விமர்சனத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

அப்படியானால் பொதுமக்கள் போடும் மதிப்பெண்ணை நம்பலாமே என்று தோன்றும். 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' வந்த அன்றே ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டுத் தள்ளினார்கள். முடிக்க ஏறக்குறைய 25 மணி நேரம் பிடிக்கும் கேம் அது! அதன் பிறகு, வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர் கருத்து எழுதலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதி வைத்தது. கூட்டமாகச் சேர்ந்து சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

மதிப்பெண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டியது வயது முத்திரை. மிராஜுக்கு ஐரோப்பாவில் 18, அமெரிக்காவில் 17. காரணம் இரத்தமும் கொலையும். மறைந்திருந்து ஆளைக் குத்திக் கொல்வதுதான் அந்தக் கேமின் அடிப்படை ஆட்டம். பக்தாதின் அழகும் அரபு மொழியும் அதை மாற்றிவிடவில்லை. 13 வயதுப் பையனுக்கு இதை நான் வாங்கித் தர மாட்டேன், மதிப்பெண் 76 ஆனாலும் சரி, 96 ஆனாலும் சரி. கேமுக்குள் மேலும் பணம் கேட்கும் கடை இருக்கிறதா என்பதையும் முத்திரையோடு சேர்த்தே எழுதியிருப்பார்கள். மிராஜில் உண்டு. முத்திரையும் சில நேரம் தடுமாறும். 2022 செப்டம்பரில் ஓர் இணையக் கடையில் மிராஜுக்கு நிஜப்பணச் சூதாட்டம் என்று குறிப்பு வந்து பரபரப்பானது. அப்படி எதுவும் இல்லை என்று யூபிசாஃப்ட் நிறுவனம் உடனே மறுத்தது. எனவே கேம் வெளியான பிறகு உள்ள முத்திரையைப் பாருங்கள்.

வரலாற்றுக்காகவே பிள்ளை கேட்கிறான் என்றால், மிராஜுக்குள் பக்தாதின் வரலாறு பற்றி 66 சிறு கட்டுரைகள் இருக்கின்றன. பாரிசில் உள்ள அரபு உலக நிறுவனம் போன்றவை படங்கள் தந்து உதவியிருக்கின்றன. அவற்றை ஆடிக் காட்டும் காணொளிகள் யூடியூபில் கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லை.

வயதுக்கு ஏற்ற வேறொரு கேமை வாங்குவதென்று முடிவானால், வெளியாகி ஒரு மாதம் போகட்டும். வெட்டி ஒட்டாத அரை மணி நேர ஆட்டக் காணொளி ஒன்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது. அந்தப் பொத்தானைப் பிள்ளை அழுத்துவதற்கு முன் அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.