ஒலி இழந்த கணிப்பொறி: லினக்ஸ் இயங்குதளத்தில் குறை காணும் முறை

கண் பார்வை உடையவர்களுக்குக் கணிப்பொறியின் ஒலி ஒரு துணை வசதியே. பாட்டுக் கேட்கவும் சொற்பொழிவு கேட்கவும் அது உபயோகப்படுகிறது. அஃது இல்லாவிட்டாலும் மற்றக் காரியங்கள் தடையின்றி நடைபெறும். பார்வையற்ற ஒருவரின் நிலை வேறு. அவருக்கு ஒலியே திரை. லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஓர்கா' என்னும் திரைபடிப்பான் திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக்கி அவருக்குக் கூறுகிறது. 'ஈஸ்பீக் என்ஜி' என்னும் பேச்சு மென்பொருளின் துணையால் தமிழையும் அது படிக்க வல்லது. அந்தக் கணிப்பொறியில் ஒலி நின்றுபோனால், பழுது நீக்கும் விவரங்கள் திரையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும், அவற்றை அவர் அறிய இயலாது. ஆகவே ஒலிக்குறையை விரைவாகவும் முறையாகவும் கண்டறியும் வழியை அவரைச் சுற்றியுள்ளோர் அறிந்திருப்பது அவசியம்.

திறந்த மூல மென்பொருள்கள் நம் நாட்டில் பல இடங்களில் பயன்பட்டு வருகின்றன. சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. மத்திய அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருள்களைக் கைக்கொள்வதற்கான கொள்கை 2015-இல் வெளியாயிற்று. கேரள அரசுப் பள்ளிகளிலும் மாணவர்கள் லினக்ஸ் கணிப்பொறிகளிலேயே பயில்கின்றனர். எனவே இங்குக் கூறப்படும் விஷயம் பலருக்கும் உதவக்கூடியது.

ஒலி செல்லும் பாதை

குறை எங்குள்ளது என்று தேடுமுன், ஒலி எவ்வழியே வருகிறது என்பதை அறிதல் வேண்டும். கணிப்பொறியினுள் ஒலி என்பது எண்களின் வரிசையே. ஒலித்தகட்டின் தரத்தில் பதிவான இசையில், ஒவ்வொரு செவிக்கும் விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படுகிறது. இரு செவிகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன.

இந்த எண்கள் முதலில் பாட்டை இசைக்கும் மென்பொருளிலிருந்து புறப்படுகின்றன. அடுத்து, ஒலிப் பங்கீட்டு மென்பொருளை அடைகின்றன. ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் ஒலி எழுப்பினால் அவற்றைக் கலந்து, உரிய கருவிக்கு அனுப்புவது இதன் வேலை. மூன்றாவதாக, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலில் உள்ள 'ஆல்சா' என்னும் பகுதியும், ஒலி அட்டைக்குரிய இயக்கி மென்பொருளும் அவற்றைப் பெறுகின்றன. நான்காவதாக, தாய்ப்பலகையில் உள்ள கோடெக் என்னும் சில்லு எண்களை மின் அலைகளாக மாற்றுகிறது. இறுதியில் அந்த அலைகள் கம்பி வழியாக ஒலிபெருக்கியைச் சேர்ந்து காற்றில் அதிர்வாகின்றன.

ஏரியிலிருந்து கடைமடைக்கு நீர் வரும் விதத்துடன் இதனை ஒப்பிடலாம். இடையில் பல மதகுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அடைபட்டிருந்தாலும் கடைசி வயலில் நீர் இராது. வயல் காய்ந்திருப்பதைக் கண்டவுடன் ஏரியை வெட்டி ஆழப்படுத்த முனைவோர் இல்லை. எந்த மதகு வரை நீர் வந்திருக்கிறது என்றே பார்ப்பர். ஒலி வரவில்லை என்றதும் இயங்குதளம் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுவது ஏரியை வெட்டுவது போன்றதே.

மதகுகளின் வரலாறு

லினக்ஸ் கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். தொடக்க காலத்தில் 'ஓ.எஸ்.எஸ்.' என்னும் ஒலி அமைப்பு அதில் வழங்கியது. 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா 'ஆல்சா'வைத் தொடங்கினார். 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பு முதல் அது கெர்னலின் முதன்மை ஒலி அமைப்பாயிற்று. பங்கீட்டு வேலைக்காக லென்னார்ட் பொய்ட்டரிங் உருவாக்கிய 'பல்ஸ்ஆடியோ' 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஃபெடோரா, உபுண்டு ஆகியவற்றில் இடம்பெற்றது. விம் டேமன்ஸ் தொடங்கிய 'பைப்வயர்' 2021-இல் ஃபெடோராவிலும் 2022-இல் உபுண்டுவிலும் அதன் இடத்தைப் பெற்றது. பழைய குறிப்புகளில் காணும் பரிகாரங்கள் சில இன்றைய கணிப்பொறிகளில் பலிக்காமற் போவதற்கு இந்த மாறுதல்களே காரணம். தம்மிடம் உள்ளது எந்தப் பங்கீட்டு மென்பொருள் என்பதை அறிந்துகொண்டே எந்தக் கட்டளையையும் இடுதல் நலம்.

முதற் சோதனை: வெளிப்புறம்

எளியவற்றை முதலில் பார்ப்பது விஞ்ஞான முறை. ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகிறதா, அதன் திருகு குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று காண்க. பிறகு அதன் கம்பியைக் கணிப்பொறியிலிருந்து எடுத்துக் கைப்பேசியிலோ வானொலிப் பெட்டியிலோ சொருகிப் பார்த்தால், ஒலிபெருக்கி நன்றாக உள்ளதா என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

கணிப்பொறியின் பின்புறத்தில் பல நிறத் துளைகள் இருக்கும். பெரும்பாலான தாய்ப்பலகைகளில் பச்சை நிறத் துளையே ஒலிபெருக்கிக்கு உரியது. இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கும், நீலம் வெளியிலிருந்து ஒலியை உட்கொள்வதற்கும் உரியவை. மேசையைத் துடைக்கும்போது கழன்ற கம்பியை வேறு துளையில் சொருகிவிடுதல் அடிக்கடி நேரும் பிழை.

இரண்டாம் சோதனை: ஒலி வேறிடம் செல்கிறதா?

இன்றைய கணிப்பொறிகளில் மிகப் பொதுவான காரணம் இதுவே. எச்.டி.எம்.ஐ. கம்பி படத்தை மட்டுமன்றி ஒலியையும் சுமந்து செல்லும். ஆகையால் திரைக்குரிய வரைகலை அட்டையும் தன்னளவில் ஓர் ஒலி அட்டையாகவே இயங்குதளத்துக்குத் தோன்றுகிறது. தாய்ப்பலகையின் ஒலி அட்டை ஒன்று, வரைகலை அட்டையினது ஒன்று என இரண்டு இருக்கையில், ஒலி முழுவதும் திரைக்குச் சென்றுவிடலாம். திரையில் ஒலிபெருக்கி இல்லையெனில் எதுவும் கேளாது. இங்கு எந்தக் கருவியும் பழுதடையவில்லை; நீர் வேறு வாய்க்காலில் பாய்கிறது, அவ்வளவே.

அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்து, வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலில் உரியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். 'பாவுகண்ட்ரோல்' என்னும் மென்பொருள் இன்னும் விரிவாகக் காட்டும். பாட்டு இசைக்கப்படும்போது அதில் ஓர் அளவுக்கோடு அசைந்துகொண்டிருந்தால், பங்கீட்டு மென்பொருள் வரை ஒலி வந்துவிட்டது என்று பொருள். கோடு அசையாவிடில் குறை பாட்டை இசைக்கும் மென்பொருளிலேயே இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதையை இரு கூறாக்கித் தேடும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பட்டியலில் 'டம்மி அவுட்புட்' என்னும் பெயர் மட்டும் தோன்றினால், பங்கீட்டு மென்பொருளுக்கு எந்த ஒலி அட்டையும் கிட்டவில்லை என்று கொள்க. அப்போது அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் சோதனை: அட்டை அறியப்பட்டதா?

கட்டளைச் சாளரத்தில் 'ஏபிளே' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் சிறிய 'எல்' எழுத்தும் இட்டால், கெர்னல் அறிந்த ஒலி அட்டைகளின் பட்டியல் வரும். அட்டையின் பெயர் காணப்பட்டால் இயக்கி மென்பொருள் வேலை செய்கிறது. அட்டை எதுவும் இல்லை என்ற விடை வந்தால் மூன்று காரணங்களை ஆராய வேண்டும்.

ஒன்று, பயாஸ் அமைப்பில் தாய்ப்பலகையின் ஒலிப்பகுதி நிறுத்தப்பட்டிருக்கலாம். இரண்டு, புதிய கணிப்பொறிகள் சிலவற்றில் ஒலிச் சில்லுக்கு 'ஃபர்ம்வேர்' என்னும் உள்மென்பொருள் தனியே தேவைப்படும். அது நிறுவப்படாமல் இருக்கலாம். மூன்று, கெர்னல் புதுப்பிக்கப்பட்டபோது குறை நேர்ந்திருக்கலாம். நேற்று வரை கேட்ட ஒலி புதுப்பித்த பின் நின்றதாயின், கணிப்பொறியை மீண்டும் தொடங்கி, தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அதில் ஒலி கேட்டால் காரணம் ஐயமின்றித் தெளிவாகிவிடும்.

நான்காம் சோதனை: மூடிய மதகு

அட்டை இருந்தும் ஒலி இல்லையெனில் 'ஆல்சாமிக்சர்' என்னும் கட்டளையை இடுக. பல தூண்கள் வரிசையாகத் தோன்றும். 'எஃப் 6' விசையை அழுத்தி உரிய அட்டையைத் தேர்ந்துகொள்க. 'மாஸ்டர்', 'பி.சி.எம்.', 'ஃபிரண்ட்', 'ஹெட்போன்' முதலிய தூண்களின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் காணப்பட்டால் அவ்வழி மூடப்பட்டிருக்கிறது. 'எம்' விசையை ஒரு முறை அழுத்தினால், அந்த எழுத்துகள் இரு சுழிகளாக மாறி வழி திறக்கும். மேல்நோக்கிய அம்பு விசையால் அளவை உயர்த்தலாம். ஆல்சா எல்லா வழிகளையும் முதலில் மூடிய நிலையிலேயே வைக்கும் இயல்புடையது. திடீரென எழும் பேரொலி செவிக்கும் கருவிக்கும் தீங்கு செய்யாதிருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

இங்கு 'ஆட்டோ-மியூட்' என்னும் ஒன்றையும் கவனித்தல் வேண்டும். முன்புறத் துளையில் ஹெட்போன் சொருகப்பட்டவுடன் பின்புற ஒலிபெருக்கியைத் தானே நிறுத்துவது இதன் பணி. முன்புறத் துளைக்குச் செல்லும் உட்கம்பி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, துளையின் உட்புறம் வளைந்துவிட்டாலோ, ஹெட்போன் எப்போதும் சொருகப்பட்டிருப்பதாகவே கணிப்பொறி கருதும், பின்புறம் மௌனமாகிவிடும். ஆட்டோ-மியூட்டை நிறுத்தியதும் ஒலி வந்தால், குறை அந்தத் துளையில்தான் என்பது உறுதி.

ஐந்தாம் சோதனை: பங்கீட்டு மென்பொருள்

'ஸ்பீக்கர்-டெஸ்ட்' என்னும் கட்டளையில் ஒலி அட்டையின் எண்ணைக் குறிப்பிட்டால், பங்கீட்டு மென்பொருளின் உதவியின்றி அட்டைக்கே ஒலி செல்லும். அவ்வாறு செய்கையில் இரைச்சல் கேட்டு, மற்ற மென்பொருள்களில் கேளாவிட்டால், பங்கீட்டு மென்பொருளே குற்றவாளி. பைப்வயர் உள்ள கணிப்பொறியில் 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ் வயர்பிளம்பர்' என்னும் கட்டளை அதை மறுபடி தொடங்கி வைக்கும்.

பலர் உபயோகிக்கும் கணிப்பொறியில் மற்றொரு விஷயமும் உண்டு. இருவர் ஒரே சமயத்தில் உள்நுழைந்திருந்தால், அந்நேரத்தில் திரையின் முன் இருப்பவருக்கே ஒலி அட்டையின் உரிமை வழங்கப்படுகிறது. பழைய வழக்கப்படி பயனாளரை 'ஆடியோ' குழுவில் சேர்த்துவிட்டால் இந்த ஒழுங்கு குலையும்; திரைக்குப் பின்னால் இருக்கும் முந்தையவர் அட்டையை விடாமல் பற்றிக்கொள்ளவும் கூடும். முன்பு மருந்தாக இருந்தது இன்று நோயாக மாறிய உதாரணம் இது.

தீர்ப்புக் கூறும் சோதனை

மேற்கூறியவற்றால் விளங்காவிடில், வேறொரு லினக்ஸ் இயங்குதளத்தை யு.எஸ்.பி. குச்சியில் பதிந்து, நிறுவாமல் அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். அதில் ஒலி கேட்டால் கருவிகள் யாவும் நலமே. வன்தட்டில் உள்ள அமைப்பில்தான் குறை. அதிலும் கேளாவிட்டால், பயாஸ் அமைப்பையும் கருவியையும் சந்தேகிப்பது நியாயம். சில்லே கெட்டிருப்பினும் தாய்ப்பலகையை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. யு.எஸ்.பி. ஒலி அட்டைகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பொது நியதிப்படி செய்யப்பட்டவற்றைத் தனி இயக்கி எதுவுமின்றி லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும்.

பார்வையற்றோருக்கு இந்தச் சிறு அட்டை ஒரு காப்பு. அதனை முன்னரே கணிப்பொறியில் பழக்கி வைத்திருத்தல் நலம். முதன்மை ஒலி நின்ற நாளில் அதைச் சொருகி, வேண்டுமாயின் க்னோம் மேசைச்சூழலில் 'சூப்பர்', 'ஆல்ட்', 'எஸ்' ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி ஓர்காவை எழுப்பலாம். வலையமைப்பு வழியே உள்நுழையும் வசதியை முன்பே செய்திருந்தால், பேசும் வேறொரு கணிப்பொறியிலிருந்து உட்புகுந்து, மேற்கூறிய கட்டளைகளைத் தாமே இட்டுக் குறையை நீக்கவும் முடியும். பிறர் வரும்வரை காத்திருக்கும் நிலை இவற்றால் நீங்குகிறது.

கண்ட குறையை எழுதி வைத்தல்

குறை நீங்கியதும் காரணத்தை எழுதி வைப்பது நல்ல பழக்கம். நீங்காவிடில் 'ஆல்சா-இன்ஃபோ' என்னும் சிறு நிரல் கணிப்பொறியின் ஒலி விவரங்கள் அனைத்தையும் ஒரே அறிக்கையாகத் திரட்டித் தரும். அதனைக் கண்டு அறிந்தோர் வழி கூறுவர். திறந்த மூலத்தின் சிறப்பு இதில் வெளிப்படுகிறது. இயக்கி மென்பொருளின் மூலம் எவரும் படிக்கக்கூடியதாக இருப்பதால், ஒரு தாய்ப்பலகையின் குறையை ஒருவர் கண்டு திருத்தினால், அதே தாய்ப்பலகையை உடைய அனைவருக்கும் அத்திருத்தம் அடுத்த பதிப்பில் வந்து சேர்கிறது. ஒழுங்கான சோதனையும், அதன் முடிவைப் பிறருக்கு அறிவித்தலும் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மௌனமாகிவிட்ட ஒரு மேசைக் கணிப்பொறியின் முன்பும் அவையே பலன் தருகின்றன.