பரம்பரைக் கொழுப்பும் குடும்ப வைத்தியரும்

மாரடைப்பு முதுமையில் வரும் நோய் என்று நாம் எண்ணியிருக்கிறோம். சென்ற ஆண்டு எம் அலுவலக நண்பர் ஒருவர், தமது 41-ஆம் வயதில், அஜ்மல்கான் சாலையில் நடந்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர் நீத்தார். அவர் பருத்த உடலினர் அல்லர், புகை பிடித்தறியார். ஊரிலிருந்து வந்த அவருடைய அத்தை, "எங்க அண்ணாவும் நாற்பத்துநாலு வயசிலே இப்படித்தான் போனார்" என்று சொல்லி அழுதார். கரோல் பாகில் அச்செய்தியை அறிந்த வைத்தியர் இல்லை, கேட்டவரும் இல்லை.

இரத்தத்தில் உலவும் எல்.டி.எல். என்னும் கொலஸ்ட்ராலைக் கல்லீரலில் உள்ள ஏற்பிகள் பற்றி அகற்றுகின்றன. சிலருக்கு இவை பிறவியிலேயே குறைவு. இவ்வுண்மையைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி. நெய்யை ஒதுக்குவதால் மட்டும் இது தீராது, மருந்து வேண்டும். இருவருக்கும் இருப்பின், பிள்ளைக்கு இளமையிலேயே கடுமையாக வரக்கூடும். உறவிலேயே மணம் முடிக்கும் நாம் இதனை மனத்திற்கொள்ளல் நன்று.

நம் பேட்டையை அடுத்த சர் கங்காராம் மருத்துவமனையினர், இளவயதில் இதயநோயுற்றோரை ஆராய்ந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இக்குறை இருக்கக்கூடும் என்று 2019-இல் வெளியிட்டனர்.

கண்டறிவது அரிதன்று. குடும்பத்தில் இளவயதில் இதயநோய் கண்டவர் உண்டா என்று வைத்தியர் கேட்பார். குதிகால் நரம்பு தடித்திருக்கிறதா, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தோன்றியிருக்கிறதா என்று நோக்குவார். இரத்தச் சோதனையில் எல்.டி.எல். 190 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஐயம் வலுக்கும். உடன்பிறந்தோரையும் மக்களையும் சோதிக்க வேண்டும். 18 வயதில் யாவரும் முதற்சோதனை செய்துகொள்ள வேண்டும், குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அதற்கு முன்பே செய்ய வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் அறிவுறுத்தியது.

ஊரில் இருந்த வைத்தியர் நம் பாட்டனாரின் நாடியையும் அறிந்தவர். இங்குள்ளவர் நம்மை மட்டுமே அறிவார். ஆகவே ஊரிலுள்ள பெரியோரிடம், யார் எவ்வயதில் எந்நோயால் மறைந்தார் எனக் கேட்டு எழுதி வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள்.

நண்பரின் மக்கள் இருவரையும் சோதித்தாயிற்று. மகளுக்கு இக்குறை இல்லை. பத்து வயது மகனுக்கு உண்டு, மருந்து தொடங்கிவிட்டார்கள். தந்தைக்குக் கிட்டாத முன்னறிவு மகனுக்கேனும் கிட்டியது.