நிறுத்தி வைத்த வண்டியில் மோதினால் யார் பொறுப்பு?

"வண்டி சும்மாதானே நின்றது, வந்து மோதியவர் மேல்தான் தப்பு." நின்றிருந்த லாரியில் பைக்கில் மோதி ஒருவர் இறந்துபோனால், அவர் வீட்டாரிடம் பலரும் சொல்வது இதைத்தான். இதை நம்பி இழப்பீடு கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பிறருக்கு ஆபத்தோ இடையூறோ வரும் விதத்தில் பொது இடத்தில் வாகனத்தை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு. இரவில் பின்விளக்கு எரியாமல், எச்சரிக்கை முக்கோணமும் வைக்காமல், பாதிச் சாலையை அடைத்து நிறுத்திய லாரி என்றால் அதன் ஓட்டுநரின் கவனக்குறைவும் கணக்கில் வரும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இரு தரப்புத் தவறையும் சதவீதமாகப் பிரிக்கும். மோதியவர் மீது 30 சதவீதத் தவறு என்று முடிவானால், இழப்பீட்டில் அந்த 30 சதவீதம் மட்டுமே கழியும். மீதியை லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனம் தர வேண்டும்.

ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் பொருந்துமா என்று கேட்கலாம். 1987 அக்டோபரில் மகாராஷ்டிராவில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரியுடன் மோதிச் சாலையோரம் கவிழ்ந்தது. சுமார் நான்கு மணி நேரம் கழித்து அது வெடித்துத் தீப்பிடித்ததில் அருகில் கூடியிருந்தவர்கள் உயிரிழந்தனர். வெடித்தபோது டேங்கர் ஓடவில்லையே என்ற வாதத்தை 1991-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாகனத்தின் 'பயன்பாடு' என்பதில் அது நிற்கும் நேரமும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, 'ஓட்டாமல்தானே வைத்திருக்கிறோம்' என்று இன்சூரன்ஸ் காலாவதியான காரைத் தெருவில் நிறுத்தி வைப்பவர்கள் யோசிக்க வேண்டும். அதனால் விபத்து நேர்ந்தால் இழப்பீடு சொந்தக் கையிலிருந்து போகும். காப்பீடு இல்லாத வண்டியைப் பயன்படுத்தினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் தனி.

ஒழுங்காக நிறுத்திய நம் காரை இன்னொருவர் இடித்துவிட்டால்? நம்மிடம் இருப்பது தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் நம் நிறுவனம் ஒரு பைசாவும் தராது. இடித்த வண்டியின் எண்ணைக் குறித்து, போட்டோ எடுத்து, போலீஸில் புகார் கொடுத்து, அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் தீர்ப்பாயம் வழியாகக் கேட்க வேண்டும். காலம் பிடிக்கும் வழிதான். முழுக் காப்பீடு இருந்தால் நம் நிறுவனத்திடமே வாங்கலாம்; இடித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் கிடைக்கும். ஆனால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது 20 முதல் 50 சதவீதம் வரையிலான தள்ளுபடி என்பதால், சிறு கீறலுக்கெல்லாம் கிளெய்ம் செய்வது பெரும்பாலும் நஷ்டமே.

உயிரிழப்பு, காயம் என்றால் தாமதிக்க வேண்டாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. விபத்து எந்த ஊரில் நடந்திருந்தாலும், நாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.